பிங் 180-ஐத் தாண்டியவனின் திறந்த மடல்

இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டையை இணையத்தில் ஆடும் நம் பறப்புக் குழுவின் சர்வரை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இரவு, இந்திய நேரம் பதினொன்றேகால். ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே 5,000 மீட்டர் உயரத்தில் ஒரு ஹெய்ன்கெல் 111 குண்டுவீச்சு விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஓடுபாதையை விட்டுக் கிளம்பி, உயரம் ஏறி, சூரியனை முதுகுக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தை அடைய இருபது நிமிடம் ஆகியிருந்தது. அதன் இறக்கைகள் என் குறிவளையத்தை நிரப்ப இன்னும் மூன்று நொடி போதும். அப்போது திரை கறுத்தது. பிங், அதாவது என் கணினியிலிருந்து சர்வருக்குச் செய்தி போய்வர ஆகும் மில்லிநொடி, 180-ஐத் தாண்டியதால் வெளியேற்றப்பட்டதாக ஒரே ஒரு வரி. அந்த நேரத்தில் என் பிங் 191.

சுட்டு வீழ்த்தியிருந்தால் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்திருப்பேன். வாசலில் நிறுத்தி அனுப்பியிருந்தாலும் பொறுத்திருப்பேன். பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, சோறு வைத்த பிறகு எழுப்பிவிடுவது வேறு கதை. குழு அரட்டையில் எழுதினால் பத்து நிமிடத்தில் விமானப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகும் என்பதால் இதை மடலாக எழுதுகிறேன்.

இந்த விதியை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பாரிஸ் தம்பியின் புகார்தான் தொடக்கம். "நான் ஒடித்துத் திரும்பிய பிறகும் அடி விழுகிறது. 250 மீட்டருக்கு அப்பால் இருந்தவன் எப்படி அத்தனை தோட்டாவையும் என் மேல் இறக்கினான்?" என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அன்று அவரை அடித்தவன் நான்தான். ஆகவே விளக்க வேண்டிய கடமையும் எனக்குத்தான்.

சர்வர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறது, நான் மதுரையில் இருக்கிறேன். என் விமானம் எங்கே இருக்கிறது என்ற செய்தி சர்வரைச் சேர ஏறக்குறைய 95 மில்லிநொடி, அங்கிருந்து பாரிஸ் போக இன்னும் ஒரு பத்து. செய்திகள் ஓயாமல் போய்க்கொண்டிருப்பதில்லை. இடைவெளி விட்டு விட்டுத்தான் கிளம்புகின்றன. போய்ச் சேர்ந்த இடத்திலும் சற்று நிறுத்திவைத்துத்தான் திரைக்கு வருகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் அவர் திரையில் தெரிகிற நான் 0.2 நொடிக்கு முந்தைய நான். என் திரையில் தெரிகிற அவரும் அவ்வாறே. மணிக்கு 500 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 139 மீட்டர். 0.2 நொடியில் 28 மீட்டர். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் நீளம் ஒன்பது மீட்டர் சொச்சம். அந்த இடைவெளியில் மூன்று ஸ்பிட்ஃபயர்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. துரத்துகிறவன் முன்னால் போகிறவனின் பழைய இடத்தைப் பார்க்கிறான்; பழைய இடம் அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. துரத்தப்படுகிறவன் பின்னால் வருகிறவனின் பழைய இடத்தைப் பார்க்கிறான். அது இன்னும் தொலைவில் இருக்கிறது. உண்மையான தூரம் 228 மீட்டர் என்றால், எந்தத் திருத்தமும் செய்யாத நிலையில், என் திரையில் 200, பாரிஸ் தம்பியின் திரையில் 256. நான் நல்ல நெருக்கத்தில் சுட்டேன். அவரை எவனோ நம்ப முடியாத தூரத்திலிருந்து சுட்டான். இரண்டுமே நடந்தவைதான்.

சரி, எந்தத் திரையை நம்பி அடி கணக்கிடப்படுகிறது? நாம் பறக்கும் விளையாட்டில் சுடுகிறவனின் கணினிதான் முடிவு செய்கிறது. என் திரையில் தோட்டா பட்டால் பட்டதுதான். 'இந்த இடத்தில் பட்டது' என்ற செய்தி அவருக்குப் போகிறது. அவர் விமானத்தை ஒடித்த செய்தி என்னிடம் வர 0.2 நொடி, நான் அடித்த செய்தி அவரிடம் போக 0.2 நொடி. ஆக, ஒடித்துத் திரும்பிய 0.4 நொடி வரைக்கும் அவருக்கு அடி விழலாம். அந்த அநியாயத்தை நான் மறுக்கவில்லை. தாமதத்தின் சுமையை யாராவது ஒருவர் தூக்கியாக வேண்டும். இந்த ஏற்பாட்டில் அது அடிபடுகிறவர் தலையில் விழுகிறது.

சர்வரே முடிவு செய்யட்டும் என்று டொராண்டோ அண்ணன் அடிக்கடி சொல்வார். அப்போது அந்தச் சுமை சுடுகிறவன் தலைக்கு மாறும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற விமானத்தைச் சுட்டால் படாது. தெரிகிற விமானத்துக்கு முன்னால், அவரவர் பிங்குக்குத் தக்கபடி, காற்றைச் சுட வேண்டும். தரையில் ஓடிச் சுடும் விளையாட்டுகளில், சுட்டவன் எந்த நொடியைப் பார்த்துச் சுட்டானோ அந்த நொடிக்குச் சர்வர் காலத்தைப் பின்னோக்கிச் சுருட்டிச் சரிபார்க்கும் முறை இருக்கிறது. வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் அதை விரிவாக எழுதிவைத்தார். சுட்டவுடன் பட்டுவிடும் துப்பாக்கிக்கு அது பொருத்தம். நம்முடையது அப்படியில்லை. 300 மீட்டரைக் கடக்க நம் தோட்டாவுக்கே 0.4 நொடி வேண்டும்.

துப்பாக்கியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். தாமதம் என்பது இணையத்தோடு பிறந்ததைப் போல நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். 1940-இல் ஸ்பிட்ஃபயரின் எட்டு பிரௌனிங் துப்பாக்கிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனும் தாமதத்தோடுதான் போராடினான். குறுக்கே 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் எதிரி 0.4 நொடியில் 56 மீட்டர் நகர்ந்துவிடுவான்; ஆறு விமான நீளத்துக்கு முன்னால் குறிவைக்க வேண்டும். அதைக் கண்ணால் அளந்து அடித்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் கண்ட தீர்வு நெருங்கிப்போவது. பிரிட்டிஷ் போர்விமானப் படை முதலில் இறக்கைத் துப்பாக்கிகளை, அவற்றின் தோட்டாக்கள் 400 யார்டில் ஒரே இடத்தில் குவியும்படி பூட்டிவைத்திருந்தது. தென்னாப்பிரிக்கரான 'செய்லர்' மலான் போன்றவர்கள் அதை 250 யார்டுக்குக் குறைத்தார்கள். 352 விமானங்களை வீழ்த்திய ஜெர்மன் விமானி எரிக் ஹார்ட்மனின் வழி இன்னும் எளிது: எதிரி விமானம் முகப்புக் கண்ணாடியை அடைத்து நிற்கும்வரை விசையைத் தொடாமல் இருப்பது. தூரம் குறையக் குறையத் தோட்டாவின் தாமதம் குறையும், பிழையும் குறையும்.

நெட்வொர்க் தாமதம் மட்டும் தூரம் பார்க்காது. முந்நூறு மீட்டரிலும் அதே 0.2 நொடிதான், முப்பது மீட்டரிலும் அதே 0.2 நொடிதான். அதனால்தான் நெருக்கச் சண்டையில் நம் குழுவில் அத்தனை கூச்சல் எழுகிறது. தொலைவில் நாலைந்து பாகையாகத் தெரியும் 28 மீட்டர் வித்தியாசம், பக்கத்தில் வந்தால் வானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்விடும்.

அப்படியானால் இவ்வளவு காலம் எப்படிச் சுட்டுக்கொண்டிருக்கிறோம்? 1980-களின் இறுதியில் ஜீனி என்ற இணைப்புச் சேவை வழியாகத் தொலைபேசி மோடத்தில் ஏர் வாரியர் என்ற விமானச் சண்டை விளையாட்டை ஆடியவர்கள், இன்று நாம் திட்டித்தீர்க்கும் பிங்கைப் பார்த்தால் வரம் என்று வாங்கிக்கொள்வார்கள். அவர்களும் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தினார்கள். காரணம், மாலுமிகளின் பழைய உத்தி ஒன்று. கரை தெரியாத கடலில் கடைசியாக அறிந்த இடம், வேகம், திசை, கழிந்த நேரம் ஆகியவற்றை வைத்து 'இப்போது இங்கே இருப்போம்' என்று வரைபடத்தில் புள்ளி வைப்பார்களே, டெட் ரெக்கனிங், அதுதான். அமெரிக்க ராணுவத்தின் சிம்நெட் திட்டம் 1980-களில் டாங்கிப் பயிற்சிக் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தபோது இதைத்தான் பயன்படுத்தியது. நம் விளையாட்டும் அதைத்தான் செய்கிறது. என் செய்தி பழையதுதான்; ஆனால் அதில் என் வேகமும் திசையும் நேரமுத்திரையும் இருக்கின்றன. பாரிஸ் தம்பியின் கணினி 0.2 நொடியை முன்னோக்கி ஓட்டி, நான் இப்போது இருக்க வேண்டிய இடத்தில் என்னை வரைகிறது.

நிர்வாகிகள் தயவுசெய்து இந்தக் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். என் வாதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. நேராகப் பறக்கும் விமானத்துக்கு இந்தக் கணிப்பில் பிழையே கிடையாது. மேலே சொன்ன 200-க்கும் 256-க்கும் உள்ள இடைவெளி அப்படியே மறைந்துவிடும். அவன் 5 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு, விசையோடு ஒடித்தால்தான் பிழை. அதன் அளவு, முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. பள்ளியில் படித்த சூத்திரம்தான். 5 ஜி என்பது நொடிக்கு நொடி 49 மீட்டர். 0.2 நொடிக்குப் பிழை ஒரு மீட்டர். 0.3 நொடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். 0.4 நொடிக்கு நான்கு மீட்டர். செய்தி ஒரு முழு நொடி வராமல் போனால் இருபத்து நான்கரை மீட்டர். தாமதம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்கு.

ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11 மீட்டர். ஒரு மீட்டர் பிழையில் குறி தவறாது; தோட்டா விமானியின் இருக்கைக்குப் பதில் இறக்கையின் அடியில் போய்ப் படும். நிலையான 200 பிங்கோடு பறப்பவன் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. தொல்லை தருபவன் 40 பிங்கோடு நன்றாக வந்துகொண்டிருந்து, திடீரென அரை நொடி ஊமையாகிவிட்டு, மறுபடி வாய் திறக்கிறவன். அவன் விமானம் பழைய கோட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும்; பிறகு பேய் பிடித்ததுபோல் பக்கவாட்டில் தாவும். ஐந்தரை மணி பஸ் தினமும் ஐந்தே முக்காலுக்கு வந்தால் ஊர் அதற்குப் பழகிக்கொள்ளும். ஒரு நாள் ஐந்து இருபதுக்கும் மறுநாள் ஆறேகாலுக்கும் வந்தால் யாரால் என்ன செய்ய முடியும்?

இந்தத் தாவல் துப்பாக்கிக்காரனை எப்படித் தின்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிட்ஃபயரில் துப்பாக்கிக்கு 300 தோட்டா. விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் பதினைந்து நொடியில் எட்டும் காலி. ஜெர்மன் போர்விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் ஆரம்பகால 20 மில்லிமீட்டர் பீரங்கிக்கு உருளைக்கு 60 குண்டுதான், ஏழு நொடி. எதிரி ஒரு முறை தாவினால் ஒரு நொடிச் சூடு வீண். ஏழில் ஒன்று போய்விட்டது. இருபது நிமிடம் ஏறிவந்தவனுக்கு மொத்தச் சொத்தே அந்த ஏழு நொடிதான்.

நம் குழுவிலேயே சான்று இருக்கிறது. மெல்பர்ன் தங்கையின் பிங் 280-க்குக் கீழே இறங்கி யாரும் பார்த்ததில்லை. நம்மில் மிகச் சிறந்த குறி அவருடையதுதான்; அவரைச் சுடுவதும் யாருக்கும் சிரமமாக இருந்ததில்லை, அவர் விட்டால். கணினியைக் கேபிளில் இணைத்திருக்கிறார், எண் அசையாது. புதிய விதி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. சர்வருக்கு மிக அருகில் வசிக்கும் ஒருவர் இருக்கிறார்; பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். பிங் 35. மாடி அறையில் வைஃபை. பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அவர் விமானம் வெட்டுக்கிளி மாதிரி போகிறது. அவரை எந்த விதியும் தொடவில்லை. அளக்க எளிதாக இருப்பதால் பிங்கை அளந்தோம். சண்டையைக் கெடுத்தது வேறொன்று.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பிங் 150-இலிருந்து 191-க்கு ஏறிய அன்று, என் மகளின் கைப்பேசி அந்த நேரம் பார்த்துத் திருமண வீட்டு வீடியோக்கள் அனைத்தையும் மேகக்கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ரௌட்டரில் அவை வரிசை கட்டி நின்றதால் என் விமானச் செய்திகள் அந்த வரிசையின் பின்னால் காத்திருந்தன. அது என் வீட்டுக் குற்றம். இப்போது கூடத்தின் குறுக்கே கேபிள் இழுத்துவிட்டேன். என் அம்மா அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்கிறார். அது இந்த மடலில் எழுதத் தக்கதன்று.

எல்லாக் குற்றமும் வீட்டுக்குள் இல்லை. சென்னைக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 7,600 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். நேர்கோட்டில் இழை கிடந்தாலும் போய்வர 76 மில்லிநொடி. இழையோ கடலடியில், செங்கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு, எகிப்தைத் தாண்டிக் கிடக்கிறது. 2008 ஜனவரியில் அலெக்சாண்டிரியா அருகே கேபிள்கள் அறுந்து இந்தியாவே திணறியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 செப்டம்பரில் ஜித்தா அருகே மறுபடி அறுந்தன. அந்த மாதிரி நாட்களில் எங்கள் செய்தி எந்த வழியாகப் போகிறது என்பது எங்களுக்கே தெரியாது. 180 என்ற கோட்டை அன்று எங்களில் ஒருவராலும் தாண்டாமல் இருக்க முடியாது.

சர்வரை மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கு இனிக்கும், டொராண்டோ அண்ணனுக்கு இப்போது எனக்கு நடப்பது நடக்கும். லண்டன், பாரிஸ், டொராண்டோ, யாழ்ப்பாணம், மதுரை, மெல்பர்ன் என்று சிதறிக்கிடக்கும் கூட்டத்துக்கு நடு என்று ஓர் இடம் இருந்தால் அது ஏறக்குறைய நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் இடம்தான். வாடகையை யார் கட்டுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதற்கு நன்றி.

கேட்பது இதுதான். பிங்குக்கு உச்சவரம்பு வேண்டுமென்றால் 300 என்று வையுங்கள். அதற்குக் கீழே இருப்பவர்களைக் கடைசி முப்பது நொடியில் பிங் எவ்வளவு ஆடியது, எத்தனை செய்திகள் காணாமல் போயின என்பவற்றை வைத்து எடைபோடுங்கள். பிங்கின் ஆட்டம் 50 மில்லிநொடியைத் தாண்டினால் எச்சரிக்கை வரட்டும். மதுரையானாலும் மாடி அறையானாலும் ஒரே சட்டம். 50 என்பது நான் குத்துமதிப்பாகச் சொல்வது. உங்களிடம் பதிவுகள் இருக்கின்றன, பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளியேற்றுவதை மட்டும் விமானம் தரையில் இருக்கும்போது செய்யுங்கள். இறங்கியபின் அடுத்த விமானம் தர மறுத்தால் போதுமே. வால் பிடித்தவனை நடுவானில் மறையவைப்பது ஹெய்ன்கெல்காரருக்கும் சுவையில்லை, அன்று அவரே அரட்டையில் "எங்கே போனீர்கள்?" என்று கேட்டார்.

கூடவே, மதிப்பெண் பலகையில் எல்லோருடைய பிங்கையும் அதன் ஆட்டத்தையும் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். 'ஏமாற்றுக்காரன்' என்ற சொல் நம் அரட்டையில் மலிந்துவிட்டது. போன மாதம் என்னையும் அப்படிச் சொன்னார்கள். எதிரெதிரே வந்தோம், உரசிக்கொண்டோம், அவர் இறக்கை போனது, நான் பறந்துகொண்டே போனேன். என் திரையில் நாங்கள் உரசவே இல்லை. இருபது மீட்டர் இடைவெளியில் கடந்தோம். அவர் திரையில் நான் அவர் மேலேயே ஏறினேன். மோதல் நம் விளையாட்டில் அவரவர் திரைப்படிதான். தன் கண்ணுக்குத் தெரிந்த மோதலுக்குத் தான் மட்டும் பொறுப்பு. நியாயமான ஏற்பாடு என்பேன், ஏனெனில் தெரியாத மோதலை யாராலும் தவிர்க்க முடியாது. இரண்டு எண்கள் பலகையில் தெரிந்திருந்தால் அந்த மனிதர் என்னோடு மூன்று வாரம் பேசாமல் இருந்திருக்க மாட்டார்.

பாரிஸ் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் 0.4 நொடி உண்மையான இழப்பு. என் பிங் உயர உயர அது இன்னும் வளரும். அதை ஈடுகட்ட என்னிடம் வழியில்லை. வால் பக்கம் எவனாவது மதுரைக்காரன் தெரிந்தால் உங்கள் திரை சொல்லும் தூரத்தை நம்பாமல் அரை நொடி முன்னதாக ஒடியுங்கள். நான் அதை எதிர்பார்த்து இன்னும் நெருங்கி வருவேன்.

வரும் ஞாயிறு கால்வாய்ப் பணி மறுபடி இருக்கிறது என்று அறிவிப்பு பார்த்தேன். அதற்குள் முடிவு எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். 180 என்ற கோடு நீடிப்பதானால் நான் குண்டுவீச்சு விமானத்தில் பின்புறத் துப்பாக்கிக்காரனாகக்கூட வரத் தயார். ஆனால் அதற்கும் உள்ளே விட வேண்டுமே.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து, மூன்றாம் பிரிவின் இரண்டாம் விமானி
(இதை எழுதும்போது பிங் 152, கேபிள் வழியாக)